பதின்மூன்று நிமிடம் பிறந்த கதை

எச்பி5 பிளஸ் கருப்பு வெள்ளை பிலிமுக்கு இல்ஃபோர்டு கம்பெனி தரும் அட்டவணை இப்படிச் சொல்லும். ஐடி-11 டெவலப்பரை அப்படியே ஊற்றினால் 7½ நிமிடம். சம அளவு தண்ணீர் கலந்தால் 13 நிமிடம். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் என்றால் 20 நிமிடம். எல்லாமே 20 டிகிரி செல்சியஸில்.

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டுக் குழாயில் ஏப்ரல் மாதம் மத்தியானம் வரும் தண்ணீர் 27 டிகிரி. காவிரியிலிருந்து நூறு கிலோமீட்டர் மேலேறி வந்த தண்ணீர்தான், ஆனால் கடைசி இருபதடியை மொட்டை மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிக்குள் வெயிலில் கழித்துவிட்டு இறங்குகிறது. பாத்ரூம் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, முதல் ரோலைக் கழுவியபோது இதையெல்லாம் யோசிக்கவில்லை. சம அளவு தண்ணீர், பதின்மூன்று நிமிடம் என்று போட்டிருந்தது, போட்டபடி செய்தேன். நெகட்டிவ் கரி பூசிய மாதிரி வந்தது.

பக்கத்து ஏரியாவில் முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்தி இப்போது பாஸ்போர்ட் போட்டோ மட்டும் எடுக்கும் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ட்யூப்லைட்டுக்குக் கீழே செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நெகட்டிவை வைத்தார். வானம் விழுந்த இடத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

"இதுக்குள்ளாற பேப்பர் எழுத்து மங்கலாவாவது தெரியணும்பா. எவ்ளோ நேரம் கழுவின?"

"சார்ட்ல போட்ட மாதிரி, பதிமூணு நிமிஷம், சார்."

"சார்ட்டு ஊட்டிக்குச் சரி. சித்திரை மாசத்துல இங்க தண்ணி கொஞ்சம் கூடச் சேத்துக்கணும்."

நேரத்தைக் குறை என்று அவர் சொல்லவில்லை. தண்ணீரைக் கூட்டு என்றார். அந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதற்குள் இன்னொரு கேள்வி பிடித்துக்கொண்டது: இந்தப் பதின்மூன்றை முதலில் சொன்னது யார்?

நம் ஸ்டூடியோக்காரர்கள் 'பிலிம் கழுவுவது' என்றுதான் சொல்வார்கள். அழகான சொல், ஆனால் நடப்பது கழுவல் அல்ல. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்புத் துகள்களை டெவலப்பர் கறுப்பு வெள்ளி உலோகமாக மாற்றுகிறது. எவ்வளவு நேரம் மாற்ற விடுகிறோமோ அவ்வளவு கறுப்பு. அடுத்து வரும் ஹைப்போ வெளிச்சம் படாத உப்பைக் கரைத்து வெளியேற்றுகிறது; கழுவல் என்ற சொல் அங்கேதான் உண்மையாகப் பொருந்தும். இருட்டறையின் கஷ்டமெல்லாம் 'எப்போது நிறுத்துவது' என்ற ஒன்றில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைக் கண்தான் முடிவு செய்தது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. சிவப்பு விளக்கு எரிய, தட்டில் தகடு மிதக்க, படம் மேலெழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, போதும் என்று தோன்றும்போது எடுத்துவிடுவார்கள். வெயில் காலத்தில் வேகமாக ஏறும், குளிர் காலத்தில் மெதுவாக ஏறும். பார்ப்பவனுக்கு அது கவலையில்லை. கடிகாரமும் தெர்மாமீட்டரும் அந்த அறைக்குள் வேண்டியிருக்கவே இல்லை. டெவலப்பரைக் கொஞ்சம் மாற்றி, நேரத்தைக் கொஞ்சம் நீட்டி, படத்தின் ஒளிநிழலை இஷ்டப்படி செதுக்கிவிடலாம் என்றும் நம்பினார்கள். கைப்பக்குவம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

இந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவர்கள் இருவர். இங்கிலாந்தில் விட்னஸ் என்ற ஊர். சோடா உப்புத் தொழிற்சாலைகளின் புகை சூழ்ந்த ஊர். அங்கே வேலை பார்த்த சுவிட்சர்லாந்துக்காரர் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர் வேதியியல் வல்லுநர். அவருடைய நண்பர் வேரோ டிரிஃபீல்டு எஞ்சினியர். டிரிஃபீல்டுக்குப் போட்டோ பைத்தியம், ஹர்ட்டருக்கோ கணக்கில்லாத எதுவும் ஆகாது. தகட்டில் விழுந்த வெளிச்சத்துக்கும் கிடைத்த கறுப்புக்கும் உள்ள உறவை இருவரும் வருடக்கணக்காக அளந்து, 1890-இல் வேதித் தொழில் சங்கத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிட்டார்கள். வெளிச்சத்தின் மடக்கையைக் கிடையாகவும் கறுப்பைச் செங்குத்தாகவும் போட்டால் ஒரு வளைகோடு வரும். நடுவில் ஒரு நேர்ப்பகுதி இருக்கும். நேரம் கூடக்கூட அந்த நேர்ப்பகுதி செங்குத்தாகும். அந்தச் சாய்வுக்குத்தான் காமா என்று பெயர். டெவலப் செய்பவன் மாற்றக்கூடியது அந்தச் சாய்வை மட்டுமே, ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலுள்ள விகிதத்தை வேறு விதமாகக் குலைக்க அவனால் ஆகாது என்பது அவர்கள் வாதம்.

கலைஞர்கள் கொதித்துப்போனார்கள். சோடா உப்புக் கம்பெனிக்காரன் வந்து எங்களுக்குப் படம் எடுக்கச் சொல்லித் தருவதா என்ற கோபம். பின்னாளைய ஆராய்ச்சியில் அந்த இருவர் சொன்னதும் எல்லா இடத்திலும் முழுக்கச் சரியில்லை என்று தெரிந்தது. ஆனால் ஒன்று நடந்துவிட்டது. 'போதும் என்று தோன்றுவது' ஓர் எண்ணாக மாறலாம் என்ற யோசனை உலகத்துக்குள் வந்துவிட்டது.

எண்ணைக் கைக்கு எட்டும்படி ஆக்கியவர் ஹெர்ஃபோர்டு ஊர் ஆல்ஃபிரட் வாட்கின்ஸ். மாவு மில்லும் மதுவடிப்பும் நடத்திய குடும்பத்துப் பிள்ளை. (பின்னால் 1925-இல் பழைய இங்கிலாந்தின் குன்றுகளையும் கற்களையும் கோவில்களையும் நேர்கோடுகளால் இணைத்து ஒரு புத்தகம் எழுதி, இன்றுவரை மர்மப் பிரியர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருப்பவரும் இவர்தான். அந்தப் புகழில் இவருடைய உருப்படியான வேலை மறைந்துபோனது.) 1890-களில் அவர் சொன்ன முறை இது: தகட்டை டெவலப்பரில் போட்டதும் கடிகாரத்தைப் பார். படத்தின் முதல் சாயல் எத்தனை விநாடியில் தோன்றுகிறது? அதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கு. வருவதுதான் மொத்த நேரம். டெவலப்பருக்கு டெவலப்பர் எண் மாறும். ஹைட்ரோகுவினோனுக்கு 5, மெட்டாலுக்கு 30, ரோடினாலுக்கு 40. ரோடினாலில் முதல் சாயல் 15 விநாடியில் வந்தால் 600 விநாடி, அதாவது பத்து நிமிடம்.

இதைப் படித்தபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் சூடாக இருந்தால் முதல் சாயலும் சீக்கிரம் வரும், மொத்த நேரமும் அதே விகிதத்தில் தானாகக் குறையும். தண்ணீர் கூடிப்போனால் சாயல் தாமதமாக வரும், நேரமும் தானாக நீளும். பெருக்கும் எண் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தெர்மாமீட்டரே வேண்டாம்! ஹெர்ஃபோர்டுக்கும் நீலசந்திராவுக்கும் ஒரே சூத்திரம் போதும். வெயில் ஊர்க்காரனுக்காகவே கண்டுபிடித்தது போன்ற முறை.

அது ஏன் நம் கைக்கு வந்து சேரவில்லை என்றால், பிலிமுக்குச் சிவப்பும் தெரிய ஆரம்பித்துவிட்டது. 1906-இல் லண்டன் பக்கத்து க்ராய்டனில் இருந்த ராட்டன் அண்ட் வெயின்ரைட் கம்பெனி எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவற்றை உருவாக்கிய இளம் விஞ்ஞானி கென்னத் மீஸ். சிவப்பு உதடும் நீல வானமும் படத்தில் சரியாக வந்தன. அதற்கு விலையாகச் சிவப்பு விளக்கு அணைந்தது. முழு இருட்டு. முதல் சாயல் எப்போது வந்தது என்று யார் பார்ப்பது? கரும்பச்சை வெளிச்சத்தில் பாதி நேரத்துக்கு மேல் ஒரு கண்ணோட்டம் விடலாம் என்று ஒரு வழி இருந்தது, ஆனால் அது பழகிய கண்ணுக்கே கடினம். கண் போன இடத்தில் கடிகாரமும் தெர்மாமீட்டரும் வந்து உட்கார்ந்தன. இதற்குள் 1902-இல் ஈஸ்ட்மன் கோடாக், ஆர்தர் மெக்கர்டி என்பவர் உருவாக்கிய டெவலப்பிங் பெட்டியை விற்க ஆரம்பித்திருந்தது. அறையே இருட்ட வேண்டியதில்லை, பெட்டி மட்டும் இருட்டாக இருந்தால் போதும். பெட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாதே, அதனால் நேரத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அட்டவணை அங்கேதான் நிலைபெற்றது.

1912-இல் கோடாக் முதலாளி ஈஸ்ட்மன் அந்தக் க்ராய்டன் கம்பெனியையே வாங்கினார். மீஸுக்காக வாங்கினார் என்றே சொல்லலாம். மீஸ் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகருக்குப் போய்க் கோடாக்கின் ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கினார். அந்தக் கூடத்தில் வேலை பார்த்த ஜான் கேப்ஸ்டாஃப், 1920-களின் நடுவில் சினிமா நெகட்டிவைப் படியெடுக்கும் வேலைக்காக ஒரு டெவலப்பரைக் கலந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். இதுதான் டி-76. நூறு வருடமாகப் பெரும்பாலும் இதே கலவை. இல்ஃபோர்டின் ஐடி-11 இதற்கு உடன்பிறப்பு. அந்த 2 கிராம் வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற அதே பொருள்தான். வாய்ப்புண்ணுக்குத் தடவச் சொல்லிப் பாட்டி வைத்திருப்பாளே, அது. மிதமான காரம், அதனால் டெவலப்பர் நிதானமாக வேலை செய்யும். நூறு கிராம் சல்ஃபைட் துகளின் ஓரத்தைச் சற்றே கரைத்து, படத்தை மென்மையாக்கும்.

ஒரு பழக்கமும் அதற்குண்டு. பாட்டிலில் வைத்தால் நாளாக நாளாக அதன் வீரியம் மாறும். ஆக்சிஜன் பட்டு ஹைட்ரோகுவினோன் சல்ஃபைட்டோடு வினைபுரியும்போது காரம் கூடுகிறது. டெவலப்பர் வரவர வேகமெடுக்கும். பெரிய சினிமா லேப்களில் தினமும் அளந்து சரிசெய்துகொள்வார்கள். வீட்டில் மாதம் ஒரு ரோல் கழுவுகிறவனுக்கு அது ஆகாது. அவனுக்குச் சரியான வழி, தேவையானதை மட்டும் எடுத்து, சம அளவு தண்ணீர் கலந்து, ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுவது. பதின்மூன்று நிமிடம் இந்த வழக்கத்திலிருந்து வந்த எண். தண்ணீர் கூடியதில் சல்ஃபைட்டின் கரைக்கும் சக்தி பாதியானது, துகளின் ஓரம் கூர்மையானது. அது கூடுதல் லாபம்.

ஆக, நேரத்தின் கதை விட்னஸிலிருந்து ஹெர்ஃபோர்டு, க்ராய்டன் வழியாக ரோசெஸ்டர் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் கலக்கும் கதைக்கு வேறு ஊர்.

1891-இல் பெர்லினில் ஆக்ஃபா சாயக் கம்பெனியின் வேதியியலாளர் மோமே ஆண்ட்ரெசன் ரோடினாலுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை டெவலப்பர் என்றால் தூள் தூளாக வாங்கித் தராசில் நிறுத்துக் கரைக்கவேண்டும். ரோடினால் சிறு பாட்டிலில் வந்த கெட்டித் திரவம். தண்ணீரில் ஊற்று, ஆயிற்று. எவ்வளவு தண்ணீர் என்பது உன் இஷ்டம்: ஒன்றுக்கு இருபத்தைந்து, ஒன்றுக்கு ஐம்பது, ஒன்றுக்கு நூறு. எச்பி5 பிளஸுக்கு இன்றைய அட்டவணையில் ஒன்றுக்கு இருபத்தைந்து என்றால் 6 நிமிடம், ஒன்றுக்கு ஐம்பது என்றால் 11. நீர்த்துப்போன கலவை பிலிமின் அதிக வெளிச்சம் பட்ட இடத்தில் சீக்கிரம் களைத்துவிடும். நிழல் பகுதியில் வேலை தொடரும். அதனால் வெள்ளைச் சட்டையும் கறுப்பு முகமும் ஒரே படத்தில் பிழைக்கும். நம் ஊர் உச்சி வெயில் கல்யாணப் படங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

நீர்க்கும் அளவுகளில் விசித்திரமான ஒன்று கோடாக்கின் எச்.சி.-110. 1962-இல் வந்த பாகு போன்ற டெவலப்பர். அதன் பிரபலமான 'பி' அளவு, ஒன்றுக்கு முப்பத்தொன்று. அது என்ன முப்பத்தொன்று, முழு எண்ணாக முப்பது என்று வைத்தால் குறைந்தா போய்விடும் என்று நான் நெடுநாள் குழம்பினேன். பாகை முதலில் மூன்று பங்கு தண்ணீரில் கலந்து ஒரு ஸ்டாக் செய்யச் சொன்னார்கள். அந்த ஸ்டாக்கை மறுபடியும் ஏழு பங்கு தண்ணீரில். நான்கை எட்டால் பெருக்கினால் முப்பத்திரண்டு. அதில் பாகு ஒன்று, தண்ணீர் முப்பத்தொன்று. நடுப்படியைத் தவிர்த்து நேராகப் பாகிலிருந்து கலப்பவர்களிடம் அந்த எண் மட்டும் மிஞ்சியது.

இப்போது 20 டிகிரிக்கு வருவோம். பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் 65 டிகிரி ஃபாரன்ஹீட் என்று இருக்கும், அதாவது 18 சொச்சம். பிறகு 68 ஆகி, 20 செல்சியஸ் நின்றது. ஐரோப்பிய வீட்டில் கணப்பு மூட்டிய அறையில் இயல்பாக இருக்கும் வெப்பம் அது. ரசாயனத்துக்கும் அது தோது: 13 டிகிரிக்குக் கீழே போனால் ஹைட்ரோகுவினோன் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். மேலே போனால் ஜெலட்டின் ஊதி இளகும். வெப்ப நாடுகளுக்கென்று கோடாக் டிகே-15 என்று தனியாக ஒன்று வைத்திருந்தது. ஜெலட்டின் ஊதாமல் இருக்க அதில் சோடியம் சல்ஃபேட் சேர்ப்பார்கள். நம் ஸ்டூடியோக்காரர்கள் படிகாரத்தை நம்பினார்கள். டெவலப்பர் முடிந்ததும் படிகாரம் கலந்த ஹைப்போவில் போட்டால் ஜெலட்டின் இறுகும். முகம் மழித்தபின் தடவும் அதே படிகாரம்.

பெரியவர் ஊட்டி என்று சொன்னது வாய்க்கு வந்ததல்ல. அவர் தொழிலைத் தொடங்கிய காலத்தில் கையில் இருந்தவை இரண்டே பிலிம்தான்: கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஓர்வோ, ஊட்டியிலிருந்து வந்த இந்து. மத்திய அரசு 1960-இல் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபில்ம்ஸ் கம்பெனியை ஏற்படுத்தியது. பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்தி தொடங்கியது. பிலிமுக்கு மேலே மருந்து பூசும் வேலைக்குத் தூசி இல்லாத குளிர்ந்த காற்று வேண்டும், அதனால் நீலகிரி. நாடெங்கும் ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே பிலிமிலிருந்து ஸ்டூடியோ ரோல் வரை அங்கிருந்து போயிற்று. குளிரில் பிறந்த பிலிமை மதுரையிலும் வேலூரிலும் நீலசந்திராவிலும் சூட்டில் கழுவினோம். 1990-களில் கம்பெனி நலிவடைந்தது. அடுத்து வந்த டிஜிட்டல் கேமரா எழவே விடவில்லை.

"சார்ட்டு எனக்குக் கெடச்சதே இல்ல" என்றார் பெரியவர் இன்னொரு நாள். பிலிமின் தலைப்பகுதியைக் கத்தரித்து, வெளிச்சத்திலேயே டெவலப்பரில் முக்கி, அது எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்று ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுவாராம். வழக்கத்தைவிடச் சீக்கிரம் கறுத்தால் இன்று தண்ணீர் கூட. தாமதமானால் மருந்து பழசு. வாட்கின்ஸ் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அது முழுக்க அதே முறையும் இல்லை. வெளிச்சத்தில் நனைந்த தலைப்பகுதி வேறு, கேமராவுக்குள் இருந்த படம் வேறு. ஆனால் கண்ணை மூடச் சொன்ன இடத்தில் ஒரு பொத்தல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரைக் கூட்டு என்றதன் கணக்கு இது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நேரம் ஏறத்தாழப் பத்தில் ஒன்று குறையும் என்பது பொதுக்கணக்கு. 27 டிகிரியில் ஐடி-11-ஐ அப்படியே ஊற்றினால் 7½ நிமிடம் மூன்றரை ஆகிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே எதுவும் ஆபத்து: ஊற்றுவதற்கும் கொட்டுவதற்கும் ஆகும் விநாடிகளே பெரிய பங்காகி, பிலிமில் திட்டுத்திட்டாகக் கறுப்பு ஏறும். சம அளவுத் தண்ணீரில் 13 நிமிடம் ஆறே காலாகும். தேறும், ஆனால் நெருக்கடி. ஒன்றுக்கு மூன்று கலந்தால் 20 நிமிடம் ஒன்பதரையில் வந்து நிற்கும். நிதானமாகக் கவிழ்த்து நிமிர்த்தலாம். ஐரோப்பியனுக்குச் சிக்கனமும் கூர்மையும் தரும் தண்ணீர், இங்கே வெயில் பிடுங்கிக்கொண்ட நேரத்தைத் திருப்பி வாங்கித் தருகிறது.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு ரோலுக்குக் குறைந்தது நூறு மில்லி ஸ்டாக்காவது வேண்டும். 290 மில்லி பிடிக்கும் ஒற்றை ரீல் டேங்கில் ஒன்றுக்கு மூன்று கலந்தால் எழுபத்திரண்டு மில்லிதான் இருக்கும், பாதியில் களைத்துவிடும். அதனால் இரண்டு ரீல் பிடிக்கும் 580 மில்லி டேங்கில் ஒரே ரோலைப் போட்டு, மேலே காலி ரீலை வைக்கிறேன்.

ஐஸ் வைத்துக் குளிரவைக்கலாமே என்பீர்கள். முதல் வருடம் அதைத்தான் செய்தேன். டெவலப்பரை இருபதுக்கு இறக்கிவிட்டு, கடைசியில் அலசும் தண்ணீர் குழாயிலிருந்து இருபத்தேழில் கொட்ட, ஜெலட்டின் அதிர்ச்சியில் சுருங்கிச் சருகுத் தோல் போல ஒரு ரோல் வந்தது. அதற்குப் பிறகு எல்லாத் திரவமும் ஒரே வெப்பத்தில் இருக்கட்டும், அது என்ன வெப்பமானாலும் சரி என்று விட்டுவிட்டேன். டிசம்பரில் விடிகாலைத் தண்ணீர் இருபதைத் தொடும். அப்போது சம அளவு, 13 நிமிடம். அட்டவணை அச்சடித்தபடி வேலை செய்யும் மூன்று வாரங்கள்.

பாத்ரூம் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மாதம், தண்ணீரின் சூடு, கலவை, நேரம். போன மே மாத வரிக்கு எதிரே 28, ஒன்றுக்கு மூன்று, எட்டரை என்று இருக்கிறது. அதற்குக் கீழே அம்மா பென்சிலில் எழுதியது: 'வாளி நீர் பிடித்து வைக்கவும். பம்ப் ரிப்பேர்.'